மண்ணெண்ணெயில் பறக்கும் குட்டி ஜெட்! ஓட்டுபவருக்குப் பரீட்சை அவசியமா?

அடுப்பில் எரியும் மண்ணெண்ணெயால் ஜெட் விமானம் பறக்குமா?

பறக்கும்! ஆள் ஏறிச் செல்லும் பெரிய விமானம் மட்டும் அல்ல. ஆள் உயர நீளமே உள்ள மாடல் விமானமும் பறக்கும். அதன் வயிற்றுக்குள் உண்மையான ஜெட் எந்திரம் இருக்கிறது. தரையில் நிற்கும் ஒருவர், கையில் உள்ள ரேடியோ பெட்டியின் உதவியால் அதை ஓட்டுகிறார்.

அமெரிக்காவிலும், ஜெர்மனியிலும், பிரிட்டனிலும் இது பலருக்குப் பொழுதுபோக்கு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போகிறார்கள். அப்பா விமானத்தை ஓட்டுவார். அம்மாவும் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் இந்தக் குட்டி ஜெட்டை யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா? கடையில் பணம் கொடுத்து வாங்கினால் போதுமா? அல்லது ஓட்டத் தெரியும் என்று நாலு பேர் முன்னிலையில் நிரூபித்துக் காட்ட வேண்டுமா?

அந்த நாடுகளில் இது பல காலமாக நடக்கும் வாதம். இதில் நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒட்டுப்பலகையில் பிறந்தது!

முதலில் இந்த எந்திரம் பிறந்த கதை.

பெரிய விமானங்களுக்கு ஜெட் எந்திரம் வந்த பிறகும், மாடல் விமானங்களுக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. அவ்வளவு சிறிதாக அதைச் செய்ய முடியாது என்று பலர் கைவிட்டு விட்டார்கள்.

1983-ம் ஆண்டு பிரிட்டனில் ஒரு சிறு குழுவினர், ஜெட் எந்திரம் பொருத்திய மாடல் விமானத்தைப் பறக்க விட்டார்கள். அந்த எந்திரம் எரிவாயுவில் ஓடியது.

பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வந்தார். வீட்டுப் பட்டறையிலேயே செய்யக்கூடிய ஒரு ஜெட் எந்திரத்தை அவர் உருவாக்கினார். காற்றை அமுக்கும் சக்கரத்தை அவர் எதில் செய்தார் தெரியுமா? ஒட்டுப்பலகையில்! அதன் மேல் கார்பன் இழைகளைச் சுற்றி உறுதியாக்கினார். செய்முறையை அவர் ஒளித்து வைக்கவில்லை. புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்துப் பலர் தாங்களே எந்திரம் செய்தார்கள்.

இப்போது அந்தச் சிரமம் இல்லை. தொழிற்சாலையில் செய்த எந்திரம் பெட்டியில் வந்து விடுகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் தானாகவே ஓடத் தொடங்கும்.

அங்கேதான் பிரச்சினையும் தொடங்குகிறது!

விநாடிக்கு 2 ஆயிரம் சுற்று

ஜெட் எந்திரம் வேலை செய்யும் முறை எளிதானது.

முன்பக்கத்தில் ஒரு சக்கரம் சுழன்று காற்றை உள்ளே இழுத்து அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று எரியும் அறைக்குள் போகிறது. அங்கே மண்ணெண்ணெய் எரிகிறது. சூடான வாயு பின்பக்கமாகச் சீறிப் பாய்கிறது. போகும் வழியில் இன்னொரு சக்கரத்தை அது சுழற்றி விடுகிறது. அந்தச் சக்கரத்துக்குத்தான் டர்பைன் என்று பெயர். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால், பின்சக்கரம் சுழன்றால் முன்சக்கரமும் சுழலும். சீறும் வாயு விமானத்தை முன்னே தள்ளுகிறது.

மாடல் விமானத்துக்கான எந்திரம் ஒன்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். பார்த்தால் தண்ணீர் குடிக்கும் செம்பு போல் இருக்கும். ஆனால் அது 10 கிலோ விசையோடு விமானத்தைத் தள்ளும்!

அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. சில எந்திரங்கள் ஒன்றேகால் லட்சம், ஒன்றரை லட்சம் சுற்று வரை போகும். வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறி வேகமாக ஓடினாலும் விநாடிக்கு ஆறு, ஏழு சுற்றுதான். இந்த எந்திரமோ விநாடிக்கு 2 ஆயிரம் சுற்று சுற்றுகிறது. சக்கரத்தின் விளிம்பு, ஒலியை விட வேகமாக ஓடுகிறது!

பின்பக்கம் வெளிவரும் வாயுவின் சூடு 500 முதல் 700 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

நாலு வகை ஆபத்து

இந்த எந்திரத்தில் நாலு வகை ஆபத்து உண்டு.

முதலாவது, இழுப்பு. முன்பக்கம் காற்றைக் கடுமையாக இழுக்கும். கழுத்தில் தொங்கும் வார், தளர்ந்த துணி, சிறு திருகாணி எது அருகே போனாலும் உள்ளே போய் விடும். விரல் போனால் விரலுக்கு ஆபத்து.

இரண்டாவது, சக்கரம் உடைவது. அது அடிக்கடி நடப்பது அல்ல. ஆனால் நடந்தால், உடைந்த துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும். ஆகவே எந்திரம் ஓடும் போது அதன் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. பின்னாலும் நிற்கக் கூடாது. அங்கே நெருப்புக் காற்று வீசும்.

மூன்றாவது, தீ. எந்திரத்தை மூட்டும் போது சரியாகப் பற்றாவிட்டால் எரிபொருள் உள்ளே தேங்கும். அடுத்த முறை மூட்டும் போது அது குபீர் என்று பற்றிக்கொண்டு, பின்பக்கம் தீ நாக்கு நீளும். பம்ப் ஸ்டவ் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது புரியும். சூடு ஏறாத ஸ்டவ்வை அவசரப்பட்டுப் பம்ப் செய்தால் தீ எழும்புமே, அதே கதைதான்! அதனால்தான் தீயணைக்கும் கருவி பக்கத்தில் இல்லாமல் எந்திரத்தை மூட்டக் கூடாது என்று விதி இருக்கிறது.

விமானம் விழுந்தாலும் தீ உண்டு. நடுத்தர எந்திரம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எரிபொருளைக் குடிக்கும். ஆகவே லிட்டர் கணக்கில் நிரப்பிக்கொண்டுதான் விமானம் கிளம்பும். அது காய்ந்த புல்வெளியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது, வேகம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான்.

10 கிலோ விமானமும் ஆயிரம் கிலோ காரும்

இந்த விமானங்களின் வேகம் கொஞ்சநஞ்சம் அல்ல. 2017-ம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு மாடல் ஜெட் மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தது!

சாதனைக்காகச் செய்த விமானத்தை விட்டு விடலாம். சாதாரணமான ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை 10 கிலோ. வேகம் மணிக்கு 200 மைல். அதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டர்.

இதன் மோதும் சக்தி எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார், மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவு சக்தியோ, அவ்வளவும் இந்த 10 கிலோ விமானத்துக்கு இருக்கிறது! வேகம் பத்து மடங்கானால், மோதும் சக்தி நூறு மடங்காகும். அதுதான் காரணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த வேகத்தில் விமானம் ஒரு விநாடியில் 89 மீட்டர் தாண்டி விடும். ஓட்டுபவர் ஒரு தடவை தும்மினால் போதும். விமானம் மைதானத்தைத் தாண்டிப் போயிருக்கும்!

ரேடியோ சைகை அறுந்து போனால் எந்திரம் தானாகவே அணைந்து விட வேண்டும் என்று விதி செய்திருப்பதும் இதனால்தான். கைக்கு அடங்காத விமானம் இரண்டு விநாடி பறந்தால், 178 மீட்டர் போய் விடும். அது ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தால்?

மேலும் ஒரு சங்கடம் இருக்கிறது. காற்றாடி வைத்த மாடல் விமானத்தில் விசையைக் கூட்டினால் உடனே வேகம் கூடும். ஜெட் எந்திரம் அப்படி அல்ல. மெதுவாக ஓடும் நிலையிலிருந்து முழு விசைக்கு வர அதற்குச் சில விநாடிகள் ஆகும். தரை இறங்கும் போது, ‘தாழ்ந்து விட்டதே’ என்று கடைசி நேரத்தில் விசையைக் கூட்டினால் பலன் இல்லை. எந்திரம் எழுந்திருப்பதற்குள் விமானம் தரையில் மோதி விடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கம் போட்ட நிபந்தனை

அமெரிக்காவில் மாடல் விமானக்காரர்களின் பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘அகாடமி ஆப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’. 1936-ல் தோன்றியது. இண்டியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் அதன் தலைமை நிலையம் இருக்கிறது.

டர்பைன் எந்திரம் வந்த போது இந்தச் சங்கம் யோசித்தது. அடியோடு தடை செய்தால் முன்னேற்றம் நின்று விடும். அப்படியே விட்டால் விபத்து நேரும். ஆகவே நடுவழி ஒன்றைக் கண்டது. அதற்கு ‘டர்பைன் வேவர்’ என்று பெயர். ‘வேவர்’ என்றால் விதிவிலக்கு. அதாவது, கதவு மூடியே இருக்கும். தகுதி உள்ளவர் தட்டினால் திறக்கும்!

தகுதி என்ன? வேகமான மாடல் விமானங்களை ஏற்கெனவே ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். பிறகு, டர்பைன் ஓட்ட அனுமதி பெற்ற அனுபவசாலியின் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எரிபொருள் நிரப்புவது, எந்திரத்தை மூட்டுவது, புறப்படுவது, பறப்பது, பத்திரமாக இறக்குவது, எந்திரத்தை அணைப்பது எல்லாம் பார்க்கப்படும். பார்த்தவர் திருப்தி அடைந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி.

இதோடு வேகத்துக்கும் எல்லை வைத்தார்கள். அதுதான் மேலே சொன்ன 200 மைல் கணக்கு. எடைக்கும் எல்லை உண்டு. 55 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 25 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய மாடல் என்றால், ஆளைப் பார்த்தால் மட்டும் போதாது. விமானத்தையும் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனிலும் 25 கிலோவுக்கு மேற்பட்ட மாடல்களைச் சோதித்த பிறகே பறக்க அனுமதிக்கிறார்கள்.

“எங்களுக்கு எதற்குப் பரீட்சை?”

இந்த முறையை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளி விடக் கூடாது. மூன்று காரணம் சொல்கிறார்கள்.

“இந்தக் காலத்து எந்திரத்தில் குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மூட்டுவது, சூட்டைப் பார்ப்பது, அணைப்பது எல்லாம் அதுவே கவனித்துக்கொள்ளும். மனிதனுக்கு எதற்குப் பரீட்சை?” என்பது முதல் காரணம்.

கம்ப்யூட்டர் எந்திரத்தைக் காக்கும். உண்மைதான். சூடு மிஞ்சினால் எரிபொருளை நிறுத்தி விடும். ஆனால் விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது, அங்கே குழந்தை நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின் கண். எந்திரம் எளிதாகி விட்டது என்பது பரீட்சையை நீக்கக் காரணம் ஆகாது. பரீட்சையை வைத்திருக்கத்தான் அது காரணம்! முன்பு எந்திரத்தைத் தானே கடைந்து செய்தவர், அதன் குணத்தை மாதக் கணக்கில் பழகித் தெரிந்துகொண்டார். இன்று பணம் இருப்பவர் ஒரே நாளில் வாங்கி விடுகிறார். பணத்தோடு பழக்கமும் வந்து விடுமா?

“காற்றாடி விமானமும் ஆளை அடிக்கும். மின்சார மோட்டாரில் ஓடும் விமானமும் வேகமாகப் போகும். டர்பைனை மட்டும் ஏன் குறி வைக்கிறீர்கள்?” என்பது இரண்டாவது காரணம்.

இதில் நியாயம் இருக்கிறது. அடி படுபவருக்கு மோதியது மண்ணெண்ணெய் விமானமா, மின்சார விமானமா என்பதில் வித்தியாசம் இல்லை. தீயைப் பற்றிய விதிகள் டர்பைனுக்குத் தனியாக இருக்கட்டும். ஓட்டும் திறமையைப் பற்றிய விதி மட்டும் வேகத்தையும் எடையையும் பார்த்து அமைவதே சரி. எந்த எந்திரமாக இருந்தாலும், அந்த வேகத்தில் அந்த எடையை ஓட்டுகிறவர் ஓட்டிக் காட்டட்டும்! டர்பைன்காரர்களின் சுமையைக் குறைப்பதை விட, மற்றவர்களும் அதில் பங்கு ஏற்பதுதான் நியாயம்.

“பழையவர்கள் சேர்ந்துகொண்டு புதியவர்களை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள். கையெழுத்துப் போட ஆள் கிடைப்பதே கஷ்டம்” என்பது மூன்றாவது காரணம்.

இதற்கு மருந்து இருக்கிறது. கையெழுத்துப் போடத் தகுதியானவர்களை அதிகமாக்க வேண்டும். பரீட்சையில் என்ன பார்க்கப்படும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறியவருக்கு எதில் தவறினார் என்று எடுத்துக் காட்டி, மறுபடியும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாத்தியார் குறைவு என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை மூடுவார்களா?

தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு

இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ‘டர்பைன் வேவர்’ போலீசார் போட்டது அல்ல. விமானம் ஓட்டுகிறவர்களின் சங்கமே போட்டது.

அமெரிக்க அரசாங்கம் 2018-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பொழுதுபோக்குக்காக மாடல் விமானம் ஓட்டுகிறவர்கள், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் பாதுகாப்பு விதிகளின்படி நடக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2022-ல் மன்சியில் உள்ள சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? “உங்கள் வீட்டை நீங்களே ஒழுங்காக வைத்துக்கொள்கிறீர்கள். ஆகவே உங்களிடமே பொறுப்பை விடுகிறோம்” என்பதுதான். இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. கட்டுப்பாடாக நடந்துகொண்டதால் வந்தது.

சங்கம் தன் விதியைத் தளர்த்தி, அதன் பிறகு ஒரு பெரிய விபத்து நடந்தால் என்ன ஆகும்? அரசாங்கம் கை கட்டிக்கொண்டு நிற்காது. நகர சபை மைதானத்தைக் கொடுக்காது. காப்பீட்டுக் கம்பெனி பின்வாங்கும். ஒருவர் செய்த தவறுக்காக, ஒழுங்காக ஓட்டிய அத்தனை பேருடைய விமானமும் பரண் மேல் ஏறி விடும். பரீட்சை தங்கள் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், அந்தச் சுதந்திரத்தைத் தாங்கி நிற்கும் தூணே அதுதான்!

வேலிக்கு வெளியே இருப்பவர்கள்

ஓட்டுபவருக்கு ஆபத்து தெரியும். தெரிந்துதான் களத்தில் இறங்குகிறார். அது அவர் விருப்பம். வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் தாயின் நிலை வேறு. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, “அதோ பார், ஜெட்!” என்று காட்டுகிறாள். விநாடிக்கு 2 ஆயிரம் சுற்று, 700 டிகிரி சூடு என்ற கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்த ஒருவர், ஓட்டுபவரைச் சோதித்துப் பார்த்து, “இவர் கையில் கொடுக்கலாம்” என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதே அவளுக்குப் போதும்.

ஒரு பகல் பொழுது செலவழித்து, தெரிந்தவர் முன்னால் நாலு சுற்று ஓட்டிக் காட்டுவது ஓட்டுபவருக்குச் சிறு சிரமம்தான். வேடிக்கை பார்க்க வந்த குழந்தை பத்திரமாக வீடு திரும்புவதற்கு அந்தச் சிரமம் படலாம். பட்டுத்தான் ஆக வேண்டும்!